தட்டுக்குப் பின்னால் போட்ட பதினொரு மணிகள்

ஏழு மணிகள் முன்னால் வந்திருந்தன.

மிளகைவிடக் கொஞ்சம் பெரியவை. மெழுகில் காவிப்பொடி கலந்து உருட்டியவை. காலையில் அவற்றை நான் தொட்டியின் பின்பகுதியில் போட்டிருந்தேன். பின்பகுதிக்கும் முன்பகுதிக்கும் நடுவில் ஓர் இரும்புத் தட்டு. தட்டின் மூன்று ஓரங்களிலும் தோல் வைத்து இறுக்கியிருந்தது. ஒரு கடுகுகூட நுழையாது என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். நானும் நம்பியிருந்தேன்.

மத்தியானம் தயிர்ச்சாத டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து மோட்டாரைப் போட்டேன். அலைகள் கிளம்பின. கால் மணி நேரம் கழித்து அளவெடுக்கக் குனிந்தபோது, முன்பக்கக் கண்ணாடிக்குள் சிவப்பாக ஒன்று தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. எண்ணினேன். ஏழு.

எதையும் முதலில் எண்ணிவிடுவது என் பழக்கம். அன்று எண்ணி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. அந்த ஏழு மணிகளும் சரியென்றால், ஆறு வாரமாக நான் எடுத்த அளவுகள் அத்தனையும் தப்பு.

கோவையில் ஏது கடல்?

இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி அஞ்சலட்டை போட்டிருக்கிறார். "நீங்கள் கடல் ஆராய்ச்சி செய்ததாகப் போன வாரம் ஒரு வரி வந்தது. கோவையில் ஏது கடல்?" நியாயமான கேள்வி. நான் படித்த பொறியியல் கல்லூரியில் எங்கள் துறைத் தலைவரும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடல் வேண்டாம், தொட்டி போதும். அறுபது அடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி ஆழம். பக்கச் சுவரில் பாதிக்குக் கண்ணாடி. ஒரு முனையில் தண்ணீருக்குள் நிற்கும் இரும்புத் தட்டை மோட்டார் முன்னும் பின்னும் அசைக்கும். அசைய அசைய அலை கிளம்பி மறுமுனைக்குப் போகும். அங்கே பொள்ளாச்சித் தேங்காய் நார் மெத்தைகளைச் சரிவாக அடுக்கி, மேலே ஜல்லி பரப்பியிருந்தோம். அதுதான் எங்கள் கடற்கரை. அதற்கு முன்னால், துறைமுகத்துக்கு வெளியே கல் கொட்டிக் கட்டுவார்களே, அந்த அலைத் தடுப்பின் சிறு மாதிரி ஒன்று.

அலை வந்து மோதும்போது தடுப்புக்கு முன்னால் நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பது என் எம்.இ. வேலை. நுனி தண்ணீரைத் தொடும் வரை ஊசியை இறக்கி, அளவுகோலில் எண்ணைப் படிக்க வேண்டும். ஆறு வாரம் படித்தேன்.

எங்கள் ஊர்த் தண்ணீர்

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் பிறந்தது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று என்றால் ஊருக்கே அது செய்தி. எங்கள் முறை வரும்போது அப்பா மண்வெட்டியோடு மடையில் நிற்பார். நான் தென்னங்கீற்றில் ஓர் ஓலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கூடவே ஓடுவேன். ஓலை என்னைவிட வேகமாக ஓடி, வாழைத்தோப்பு திருப்பத்தில் காணாமல் போகும்.

எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது. போகாத தண்ணீருக்கு எங்கள் பக்கம் மரியாதை கிடையாது. மேலேயிருந்து வந்தால் மடை கட்டித் திருப்புவோம். கீழே கிடந்தால் பம்பு வைத்துத் தூக்குவோம்.

கடலை ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன், பள்ளிச் சுற்றுலாவில். பஸ்ஸில் வாந்தி எடுத்து எடுத்துக் கடைசியில் கரையில் உட்கார்ந்திருந்தேன். அலை ஒவ்வொன்றும் இவ்வளவு தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறதே, இந்நேரம் ஊர் முழுகியிருக்க வேண்டாமா என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

வேலுச்சாமி அண்ணன்

தொட்டியைக் கட்ட வைத்தவர் நிர்மலா மேடம். என் ஆய்வுக்கு வழிகாட்டி. கடற்கரை ஊரில் படித்துவிட்டு, கல்யாணமாகிக் கோவைக்கு வந்தவர். துறைத் தலைவரிடம் மூன்று வருஷம் கேட்டுக் கேட்டு, ஆய்வகத்தில் பழைய பம்பு சோதனை மேடை இருந்த இடத்தை வாங்கினார்.

அலை எழுப்பும் தட்டையும் அதை ஆட்டும் அமைப்பையும் செய்து கொடுத்தவர் கோவையில் கணபதிப் பக்கம் பட்டறை வைத்திருந்த வேலுச்சாமி அண்ணன். வாழ்நாள் முழுக்கப் பம்பு செய்தவர். நான் காகிதத்தில் வரைந்து கொண்டுபோன படத்தைத் தலைகீழாகவும் ஒரு முறை பிடித்துப் பார்த்தார். "இது எவ்வளவு உயரத்துக்குத் தண்ணி தூக்கோணுமுங்க?" என்று கேட்டார். தூக்க வேண்டியதில்லை, ஆட்டினால் போதும் என்றேன். சரிங்க அம்மணி என்று தலையாட்டினார். என் படத்தை அவர் நம்பவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

தட்டு வந்தது. பச்சை பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து அனுப்பியிருந்தார். தட்டின் அடியில் வரிசையாக நான்கு வட்ட ரப்பர்கள் இருந்தன. என் படத்தில் அவை இல்லை. இது என்ன என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அவர் வேலையைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். பட்டறைக்காரர் வைத்தால் ஏதாவது காரணம் இருக்கும்.

இந்த மரியாதைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

இரண்டு நூல்

பட்டறைக் கணக்கில் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். பாடப்புத்தகக் கணக்கு சொன்னதைவிட என் தொட்டியில் நீர்மட்டம் இரண்டு நூல் அதிகமாக உயர்ந்தது. முதல் நாள் சிரித்துக்கொண்டேன். பத்தாவது நாளும் அப்படியே வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

நோட்டில் ஒரு பட்டியல் போட்டேன்.

1. ஊசி வளைந்திருக்கலாம்.
2. அளவுகோல் சாய்ந்திருக்கலாம்.
3. காலையில் தண்ணீரைச் சரியாகக் குறிக்கு இறக்காமல் விட்டிருக்கலாம்.
4. நார் மெத்தை அலையைத் திருப்பி அனுப்பலாம்.
5. நான் தப்பாகப் படிக்கலாம்.

ஒவ்வொன்றாகச் சோதித்து அடித்தேன். ஐந்தாவதை அடிக்க, மேடத்தையே வந்து படிக்கச் சொன்னேன். அவருக்கும் இரண்டு நூல். தொட்டி வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்ததைக் கவனித்தேன். அது எப்போதுமே கொஞ்சம் ஒழுகும். குறைவதை நிரப்பத் தட்டுக்குப் பின்பக்கம் ஒரு மிதவை வால்வு உண்டு. கண்ணாடி இடுக்கை அடைக்கும் புட்டிப் பசையை இன்னும் கொஞ்சம் அப்பினேன். அவ்வளவுதான்.

பட்டியலில் மிச்சம் எதுவும் இல்லாதபோது, புத்தகம்தான் எதையோ விட்டுவிட்டது என்று நம்பத் தொடங்கினோம். மேடம் ஒரு கட்டுரை எழுதிச் சென்னையில் நடக்கவிருந்த கருத்தரங்குக்கு அனுப்பினார். ஏற்றுக்கொண்டதாகக் கடிதமும் வந்தது.

அந்தக் கடிதம் சரியான சமயத்தில் வந்தது. பம்பு கம்பெனிகள் சோதனைக்காக வரிசையில் நிற்கின்றன, மேடை போட இடமில்லை, மாதக் கடைசியில் தொட்டியை எடுத்துவிடலாம் என்று துறைத் தலைவர் சொல்லியிருந்தார். கெட்டவர் இல்லை, ஊர்ப் பிழைப்பு தெரிந்தவர். "கடல் எங்கீங்க, நாம எங்கீங்க?" என்று தன்மையாகத்தான் கேட்டார். மேடம் கடிதத்தை அவர் மேஜையில் வைத்தார். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, கருத்தரங்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

ஆக, தொட்டி நின்றுகொண்டிருந்தது அந்த இரண்டு நூலின் மேல்தான்.

மெழுகு மணிகள்

அலைக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு மிதக்காமலும் மூழ்காமலும் நடுத்தண்ணீரில் நிற்கும் ஏதாவது வேண்டும். மெழுகு மிதக்கும். காவிப்பொடி கலந்தால் கனக்கும். ஒரு சிட்டிகை கூடினால் தரைக்குப் போய்விடும். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மா சீடைக்கு உருட்டுகிற வேகத்தில் இருநூறு உருட்டிக் கொடுத்தார். நடுவில் நின்றவை பதினொன்று.

அந்தப் பதினொன்றையும் ஒரு முறை சோதிக்கத்தான் தட்டுக்குப் பின்னால், தண்ணீர் அசையாத இடத்தில் போட்டேன். நின்றன. எடுக்க மறந்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அதன் பிறகு நடந்ததுதான் மேலே சொன்னது.

மோட்டாரை நிறுத்தினேன். தோள் வரை கையை விட்டு, தட்டின் அடியிலிருந்த வட்ட ரப்பர் ஒன்றை விரலால் நெம்பினேன். கதவு மாதிரி திறந்தது. பின்னால் ஓர் ஓட்டை. விட்டதும் தானே மூடிக்கொண்டது. முன்பக்கம் மட்டும் திறக்கும், பின்பக்கம் திறக்காது.

எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அது என்னவென்று தெரியும். பம்புக்குள் இருக்கிற ஒரு வழி வால்வு. தட்டு பின்னால் வரும் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்துத் தண்ணீர் கொஞ்சம் முன்னால் நழுவியிருக்கிறது. மிதவை வால்வு அதை விசுவாசமாக நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆறு வாரமாக நான் படித்தது அலை உயர்த்திய மட்டம் இல்லை. ஒரு பம்பு ஏற்றிய தண்ணீர்.

ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. நான்கு ரப்பரையும் பிய்த்தெறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கருத்தரங்கு நடக்கும். தொட்டியும் நிற்கும். இப்படி நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஈரக் கையில் ஏழு மணிகளைப் பொத்தியபடி எவ்வளவு நேரம் நின்றேனோ, மெழுகு கைச்சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

பிறகு மேடத்தின் அறைக்குப் போய் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "எத்தனை போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பதினொண்ணுங்க மேடம். ஏழு வந்துருச்சு."

எழுந்து வந்து தானும் ஒரு முறை கையை விட்டு ரப்பரைத் திறந்து பார்த்தார். புடவைத் தலைப்பு நனைந்தது. "சென்னைக்கு நான் எழுதிடறேன்," என்றார். "நீங்க பட்டறைக்குப் போங்க. அவர்கிட்டக் கோவமாப் பேசிராதீங்க."

நான் யாரிடம் கோபமாகப் பேசியிருக்கிறேன்? பேசியிருந்தால் தட்டு வந்த அன்றே கேட்டிருப்பேனே.

தள்ளி, அதையே இழுத்தால்

வேலுச்சாமி அண்ணன் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தார். இரும்புத்தூள் வாசம். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு டீ சொல்லி அனுப்பினார். நான் ரப்பரைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"கண்டுபுடிச்சுட்டீங்களா? நாலு வால்வு வெச்சுப்போட்டேனுங்க. படத்துல இல்லைதான். அது நானாச் செஞ்சது."

எதற்கு என்று கேட்டேன்.

"தட்டு முன்னால போறப்பத் தண்ணியத் தள்ளுதுங்க. பின்னால வாரப்ப, தள்ளுன அதே தண்ணிய இழுத்துட்டு வருது. பாதி வேலை வீணுங்களே. இப்பப் பாருங்க, வாரப்ப வால்வு தொறந்து வழி உட்டுரும். தள்ளுனது தள்ளுனதுதான்."

பம்புக்கு அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னேன். "அலைக்கு இழுக்கறதும் வேணுமுங்கண்ணா."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "தள்ளி, அதையே திருப்பி இழுத்துப்போட்டா என்னங்க அம்மணி மிச்சம்?"

நீங்களே வந்து பாருங்க என்றேன். நாளைக்கே வாரேனுங்க என்றார்.

மிச்சம் என்ன

வந்தார். நான்கு ஓட்டைகளையும் தகடு வைத்து அடைத்தார். செய்கிற வேலை பிடிக்காத கைக்கு ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தில் அடைத்தார். தான் வைத்த வால்வைத் தானே மூடுவது, பெற்ற பிள்ளையைப் பரீட்சையில் தோற்கச் சொல்வது போலிருக்கிறது என்று என்னிடம் முனகினார்.

ஒட்டிப்போன மணிகளைப் பிரித்து மறுபடி உருட்டி, முன்பக்கம் போட்டேன். கண்ணாடியில் ஒவ்வொரு மணிக்கும் நேராக மையால் ஒரு கோடு கிழித்தேன். மோட்டாரைப் போட்டேன்.

அலை வந்தது. மேலே நின்ற மணி எழுந்தது, முன்னால் போனது, இறங்கியது, பின்னால் வந்தது. ஒரு வட்டம். அடுத்த அலைக்கு இன்னொரு வட்டம். அதற்குக் கீழே நின்ற மணியும் வட்டமிட்டது. அந்த வட்டம் சிறியது, கொஞ்சம் நசுங்கியது. இன்னும் கீழே போகப் போக வட்டம் நசுங்கிக்கொண்டே போய், தரையை ஒட்டி நின்ற மணி தொட்டில் போல முன்னும் பின்னும் மட்டும் ஆடியது. எல்லாம் ஒரே தாளத்தில். தலைக்கு மேலே அலை அறுபதடி ஓடிக்கொண்டிருக்க, தண்ணீர் தன் இடத்தில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது.

இதைப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தேன். பரீட்சையில் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன். ஆனாலும் கண்ணாடியில் வைத்த கையை எடுக்க முடியவில்லை.

வேலுச்சாமி அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்து, முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார்.

"தண்ணி எங்கயும் போகலைங்க," என்றார் கடைசியில்.

"இல்லீங்கண்ணா."

"அப்பப் போறது என்னங்க?"

சுற்றுலாவில் டீச்சரை நான் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். ஆற்றல் என்று எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கியவள், அன்று அந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு நின்றேன். அலைங்க, என்று மட்டும் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மேல் மணியைச் சுட்டினார். "பத்து அலை எண்ணுனேனுங்க. கோட்டுல இருந்து ஒரு நூல் தள்ளி நிக்குது."

ஓட்டை இன்னும் ஒழுகுகிறதா? மோட்டாரை நிறுத்தினேன்; அண்ணன் தகடுகளைக் கழற்றிப் பார்த்து, மறுபடி இறுக்கினார். மிதவை வால்வையும் கட்டிப்போட்டோம். பத்து அலை விட்டோம். ஒரு நூல். இன்னொரு முறை. ஒரு நூல்.

மேடத்திடம் ஓடினேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, நான் தாண்டிப் போன அத்தியாயத்தைப் பிரித்தார். அலையில் தண்ணீர் கிளம்பிய இடத்துக்கு முழுசாகத் திரும்புவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவு முன்னேறும். என்றைக்கோ யாரோ கணக்குப் போட்டு எழுதி வைத்துவிட்டார்கள். எங்களுடையது கண்டுபிடிப்பு இல்லை. பொய்யான இரண்டு நூல் போய், உண்மையான ஒரு நூல் கிடைத்தது, அவ்வளவுதான். அதைக் கணக்கு தெரியாமலே ஒருவர் வெறும் கண்ணால் பார்த்திருந்தார்.

மாதக் கடைசி

கட்டுரையைத் திரும்பப் பெற்ற செய்தியை மேடமே துறைத் தலைவரிடம் சொன்னார். அவர் வருத்தப்பட்டார். ஆனால் தேதியை மாற்றவில்லை. எங்களிடம் பதினொரு நாள் இருந்தது. ஆறு வார அளவுகளைப் பதினொரு நாளில் மறுபடி எடுத்தேன். புத்தகம் சொன்னபடியே வந்தது, ஒவ்வொரு எண்ணும். என் ஆய்வேட்டில் புதிதாக ஒரு வரி கிடையாது. பாஸ் செய்தேன்.

தொட்டியைக் கழற்றவும் வேலுச்சாமி அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். அடுத்து வரும் பம்பு சோதனை மேடையும் அவர் வேலைதான். ஸ்பேனர் பையோடு வந்தார். தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்குப் பக்கத்தில் போய் நின்றவர், திரும்பி என்னைப் பார்த்து, ஒருக்கா ஓட்டுங்க என்றார்.

ஓட்டினேன். மேடமும் வந்து நின்றார். மணிகள் சுற்றின. யாரும் எதுவும் அளக்கவில்லை.

போதும் என்று அவர் கையைக் காட்டியதும் மோட்டாரை அணைத்தேன். தட்டு நின்றது. பம்பில் மோட்டாரை அணைத்தால் அந்த நொடியே குழாயில் தண்ணீர் தளர்ந்துவிடும். அவர் காது அதற்குப் பழகியது. இங்கே சத்தம் நின்ற பிறகும், தட்டை விட்டுக் கிளம்பிவிட்ட அலைகள் வரிசை கலையாமல் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் பின்னால் தண்ணீர் ஒவ்வோர் அடியாக அடங்கிக்கொண்டே வந்தது. கடைசி அலை கண்ணாடியைத் தாண்டி, தடுப்பைத் தாண்டி, நார்க் கரையை நோக்கிப் போனது.

துறைத் தலைவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, தொறந்து உட்டாச்சுங்களா என்று கேட்டார்.

வேலுச்சாமி அண்ணனின் கை வால்வின் மேல் இருந்தது. கண் அலையின் மேல்.

"இருங்க," என்றார். "அது போய்ச் சேந்துக்கட்டும்."